மனைக்கு முன் மனிதர்கள்

முதன்முதலாக மனையில் முதலீடு செய்ய நினைப்பவர், பணத்தைத் திரட்டும்போதே ஆட்களையும் தேடிக்கொள்ள வேண்டும். நேர்மையான பத்திர எழுத்தர், நில அளவையர், சொத்து வழக்கு பார்க்கும் வக்கீல், அதே பகுதியில் ஏற்கெனவே மனை வாங்கியவர். இவர்களுடனான பழக்கம் எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது.

வில்லங்கச் சான்று, பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத பாகத் தகராறும், ஐப்பசி மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதும் பக்கத்து வயல்காரருக்குத்தான் தெரியும். மழைக்காலத்திலேயே போய் அவரிடம் பேசுங்கள். கோடையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். டீக்கடையிலும் விசாரியுங்கள். உண்மையான விலை அங்கே அடிபடும்.

நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்குவதும் உண்டு. நல்லதுதான். ஆனால் குழுவில் ஒருவர் மட்டும் அவசரப்படுத்தினால், அவருக்குத் தரகு உண்டா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். உறவினராக இருந்தாலும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான். பணம் போட்ட ஒவ்வொருவரின் பெயரும் பங்கும் பத்திரத்தில் இருக்கட்டும்.