காகிதத்தை எப்போது உருவுவது

அத்தை போன தை மாதம் இறந்தாள். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே, நானும் மூன்று வருஷம் தங்கியிருந்த அந்த இரண்டு அறைப் போர்ஷனைக் காலி செய்தபோது எனக்கும் அத்தை பெண்ணுக்கும் தகராறு வந்தது. நகைக்காக அல்ல, பாதி முடிந்த ஒரு ஒட்டுப்போர்வைக்காக. அதை யார் எடுத்துக்கொள்வது என்பதிலும் சண்டை இல்லை. அதை முடித்துவிட வேண்டும் என்றாள் அக்கா. கூடாது என்றேன் நான். கடைசியில் தோற்றது நான்தான். ஆனால் தோற்றுவிட்டதாலேயே நியாயம் எந்தப் பக்கம் என்பது தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தை அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வு எழுதி, ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளி அலமாரியில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலத் தையல் புத்தகத்திலிருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். இங்கிலீஷ் பேப்பர் பீஸிங் என்று அதற்குப் பெயர். தடித்த காகிதத்தில் ஓர் அங்குலப் பக்கமுள்ள அறுகோணம் வெட்ட வேண்டும். அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகத் துணியை வெட்டி, காகிதத்தின்மேல் வைத்து, விளிம்புகளைப் பின்பக்கம் மடித்துத் தற்காலிகத் தையல் போட வேண்டும். இப்படித் தயாரான இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் சிறு சிறு தையலாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி துணியின் மடிப்பில் ஓரிரு இழைகளை மட்டும் பிடிக்க வேண்டும், காகிதத்தைத் தொடக்கூடாது. வித்தை முழுவதும் இந்த இடத்தில்தான். ஒரு அறுகோணத்தின் ஆறு பக்கங்களும் அண்டை அறுகோணங்களோடு தைக்கப்பட்ட பிறகு அதன் காகிதத்துக்கு வேலை இல்லை. தற்காலிக நூலைப் பிரித்துக் காகிதத்தை உருவிவிடலாம். கசங்காத காகிதத்தை வேறு ஒரு துணிக்கு மறுபடி உபயோகிக்கலாம்.

துணி, தி.நகர் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்துகளில் ரவிக்கை தைக்கும் கடைகளின் தரையில் கிடப்பது. அத்தை பை பையாக வாங்கி வருவாள். "மெட்ராஸ் வெயிலில் ரஜாய் எதற்கு?" என்று கேட்டால் பதில் வராது.

அறுகோணம் ஏன் என்ற கேள்விக்குப் பதில் உண்டு. ஒரே அளவான ஒழுங்கு உருவங்களால் இடைவெளி விடாமல் தளத்தை நிரப்ப முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றினால் மட்டுமே முடியும். இவற்றில் அறுகோணம்தான் சிக்கனமானது என்பதை நாலாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவின் பாப்பஸ் தேனீக்களின் புத்தி என்று வியந்து எழுதினார். ஒழுங்கற்ற உருவங்களையும் கணக்கில் கொண்டால்கூட அறுகோணத்தை மிஞ்ச முடியாது என்று தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தது 1999-ல்தான். அமெரிக்காவில் 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகை இந்த அறுகோண மாதிரியை 1835-லேயே அச்சிட்டுவிட்டது. பெண்கள் கணித நிரூபணத்துக்காகக் காத்திருக்கவில்லை.

என் விமர்சகப் புத்தி இந்த வேலையைப் பார்த்த முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டது. யாப்பு என்ற காகிதத்தை எடுத்துவிட்டால் கவிதை நிற்குமா என்று, 1959-ல் 'எழுத்து' ஆரம்பித்த காலத்தைச் சுற்றி நடந்த சண்டைகளை நாம் எல்லோரும் ஒப்பிப்போம். எடுக்கலாமா என்பதல்ல, எப்போது எடுப்பது என்பதே கேள்வி என்று அத்தையின் மடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆறு பக்கமும் தைத்த பிறகு காகிதம் வெறும் விறைப்பு. தைப்பதற்கு முன்பே எடுத்தால் மிஞ்சுவது கந்தல். இன்று நம் மேஜைக்கு வரும் கவிதைகளில் பாதி, ஒரு பக்கம்கூடத் தைக்காமல் காகிதம் உருவப்பட்டவை. உருவம் என்பது பாத்திரம் அல்ல, உரிய நேரத்தில் விலகிக்கொள்வது என்று நண்பர்களிடம் சொல்லி, ஒரு சாயங்காலம் முழுவதும் திருப்தியாக இருந்தேன்.

இந்தத் திருப்தி அத்தை இறந்த பிறகு போர்வையைத் திருப்பிப் பார்த்தபோது போயிற்று. எண்ணுவது என் தொழில்; எண்ணினேன். 612 அறுகோணங்கள். அத்தை ஒரு காகிதத்தையும் உருவவில்லை. உருவ வேண்டிய நடு வரிசைகளில்கூட எல்லாம் அப்படியே இருந்தன. பாதிக்கு மேல் அஞ்சலட்டைகள். அத்திம்பேர் வேலை நிமித்தம் பல வருஷம் வடக்கே இருந்தவர், வாரம் ஒரு கார்டு போடுவார். கவனமாக வெட்டினால் ஒரு கார்டில் ஐந்து அறுகோணம் தேறும். மடித்த துணிக்கு நடுவே அவருடைய நீல மசி எழுத்து அரை வார்த்தை, கால் வார்த்தையாகத் தெரிந்தது. 'வந்ததும்' என்று ஒன்று. 'கோபம் இல்' என்று ஒன்று. 'லை'யா 'லாமலா' என்பது துணிக்கு அடியில்.

என் உவமையில் காகிதம் வெறும் உருவம். இங்கே காகிதத்துக்கே உள்ளடக்கம் இருந்தது. அது என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த முதல் அடி.

அக்காவின் கட்சி எளிமையானது. அவள் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் படுக்க வைப்பது நம் வழக்கம். பழம்புடவையை நாலாக மடித்துத் தைத்த மெத்தையில்தான் நாம் எல்லோரும் கிடந்தோம். காகிதத்தை உருவி, உள்ளே பாட்டியின் புடவையை வைத்துத் தைத்தால் குழந்தைக்கு ஆயிற்று. காகிதம் இருக்கிற வரை அதைத் துவைக்க முடியாது. துவைக்க முடியாததைக் குழந்தைக்குப் போட முடியாது.

என் கட்சி கொஞ்சம் படித்த கட்சி. இங்கிலாந்தில், 1718 என்று தைக்கப்பட்ட ஒரு பட்டு ஒட்டுப்போர்வை கில்ட்டர்ஸ் கில்டின் சேகரிப்பில் இருக்கிறது. காகிதங்கள் இன்னமும் அதன் உள்ளேயே இருக்கின்றன. அப்படி உள்ளே தங்கிவிட்ட கடிதங்களும் கணக்குத் தாள்களும்தான் இந்தக் கலையின் சரித்திரத்துக்குச் சாட்சி. முடிக்கப்பட்டுப் படுக்கையில் உழைத்தவை கிழிந்து போயின; முடியாதவையே பேசுகின்றன. ஆகவே முடிப்பது ஒரு வகையில் அழிப்பது என்றேன். காஃப்காவையும் இழுத்தேன். அவர் 1924-ல் இறந்தார். எரித்துவிடு என்று மாக்ஸ் பிராடிடம் சொல்லியிருந்தார். பிராட் எரிக்கவில்லை. 1925-ல் 'விசாரணை' வந்தது. பிராட் செய்தது துரோகம் என்று நம்மில் யார் சொல்வோம்?

அக்கா கேட்டாள்: "அம்மா எதுக்கு அந்தக் கார்டையெல்லாம் வெட்டினா தெரியுமா?"

தடித்த காகிதம் என்பதால் என்றேன்.

"தடித்த காகிதம் வீட்டில் வேற இல்லையா? யாரும் படிக்கக் கூடாதுன்னுதாண்டா வெட்டினா. கிழிச்சுப் போட மனசு வரலை. வெச்சுக்கவும் முடியலை. நீ இப்ப உட்கார்ந்து எழுத்துக் கூட்டிண்டிருக்கே."

இது அக்காவின் ஊகம்தான். அத்தை யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஆனால் என் காஃப்கா வாதம் அங்கேயே கவிழ்ந்தது. காஃப்கா எரி என்று இன்னொருவரிடம் சொன்னார். தன் கையால் எல்லாவற்றையும் எரித்துவிடவில்லை. அந்த இடைவெளியில்தான் பிராடுக்கு உரிமை பிறந்தது. அத்தை யாரையும் கேட்கவில்லை. தானே கத்தரியை எடுத்தாள். அவள் விட்டுச்சென்றது கடிதங்களை அல்ல, கடிதங்களாக இருந்ததை நிறுத்திவிட்ட சில காகிதங்களை. நான் பாதுகாக்க நினைத்தது அத்திம்பேரையா, அத்தையையா, அல்லது எதையும் படித்துவிடலாம் என்ற என் உரிமையையா? வாசகனுக்கு எல்லாமே பிரதி. அந்த வாக்கியத்தைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு திருட்டுத்தனம் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

அக்காவின் கட்சியிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அவள் அடையாறில் இதே வேலைக்கான வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தவள். அங்கே கடையில் வாங்கிய புதுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒன்றாகத் தைக்கிறார்கள். இது எனக்கு வெகுநாள் எரிச்சல். வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கௌதியும் இல்லாமையிலிருந்து வந்தவை. புதுத் துணியைக் கந்தலாக்கி அழகு பார்ப்பது வசதியின் விளையாட்டு என்று வாதாடியிருக்கிறேன். ஆனால் பௌத்த விநயத்தில் ஓர் இடம் வருகிறது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, பிக்குகளுக்கு அந்த மாதிரி சீவரம் செய்ய முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் துணியை வெட்டி, வயல் வயலாக இணைத்துத் தைக்கிறார். வெட்டுப்பட்ட துணியை எவரும் விரும்பிக் கவர மாட்டார்கள், அதனாலேயே துறவிக்குத் தகும். ஆக, நல்ல துணியை வெட்டுவது தன்னளவில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. விலையை ஏற்ற வெட்டுகிறோமா, இறக்க வெட்டுகிறோமா என்பதில் இருக்கிறது. அத்தை வெட்டியது இறக்கத்தான். அந்தக் கார்டுகளின் கனத்தை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக இறக்கினாள்.

இன்னொன்றையும் யோசித்தேன். 1943-ல், ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூரில், சாங்கி சிறையில் அடைபட்டிருந்த சாரணச் சிறுமிகள் கிடைத்த துணிகளிலிருந்தெல்லாம் அறுகோணங்கள் வெட்டி, தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு போர்வை தைத்தார்கள். இன்று அது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது அது சாட்சிதான். ஆனால் சாட்சியாக வேண்டும் என்று அவர்கள் அதைத் தைக்கவில்லை. ஒருத்திக்குக் கொடுப்பதற்காகத் தைத்தார்கள். கொடுத்தது முதலில், சாட்சி அதன் நிழல். நான் நிழலைக் காப்பாற்றக் கொடுப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

சம்மதித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா வீட்டில் உட்கார்ந்து நூல் பிரித்துக் காகிதம் உருவினோம். அத்தையின் ஊசி ஒரு காகிதத்தையும் பிடித்திருக்கவில்லை. உருவியவற்றில் ஒன்றுகூட இல்லை. இழுத்ததும் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. காகிதத்தை எடுக்கிற நாளை மனசில் வைத்துத்தான் தைத்திருக்கிறாள். இது எனக்கு ஒரு பதில் மாதிரி இருந்தது. என்றாலும், அப்படித் தைப்பதுதான் முறை, டீச்சருக்கு வேறு விதமாகத் தைக்கத் தெரியாது என்பதும் உண்மை. கைப்பழக்கத்தை உயில் என்று படிக்க எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது.

கார்டுகள் அல்லாத மீதிப் பாதி என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மளமளவென்று வெள்ளையும் சிவப்புமாக வந்தன. நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தி ஏழு இதழோடு நிறுத்திய பத்திரிகையின் அட்டைகள். விற்காத பிரதிகளை அத்தையின் கட்டிலுக்கு அடியில்தான் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு அறுகோணத்தில் என் பெயரின் பின்பாதி இருந்தது. அத்திம்பேரின் கார்டும் எங்கள் நவீனத்துவமும் அவள் கையில் ஒரே தடிமன். அக்கா வெகுநேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வெளி வரிசையின் காகிதங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பக்கம் அண்டை கிடையாது. சுற்றுக்கரை தைக்கும் வரை எடுக்க முடியாது. உருவியவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். "எரிச்சிடு, இல்லே வேற எதுக்காவது தைச்சுக்கோ. அடுக்கிப் பார்க்காதே" என்றாள். அறுகோணங்கள் இடைவெளி இல்லாமல் சேரும் என்பது நிரூபணமான விஷயம். ஒரு கார்டுக்கு ஐந்து. விளிம்புத் துணுக்குகள் போனாலும் வாக்கியங்கள் பெரும்பாலும் தேறிவிடும்.

டின் என் மேஜைமேல் இருக்கிறது. எரிக்கவில்லை. அடுக்கவும் இல்லை. ஒருநாளும் அடுக்க மாட்டேன் என்று இந்தப் பக்கத்தில் எழுதித்தர என்னால் முடியவில்லை.