சோறும் உறவும்

ஆர்.கே.பேட்டையில் தறி நெய்வோர் அறிவர்: அறுந்த பாவு இழையை எவரும் தனியே எடுத்து வைப்பதில்லை, அது இருந்த இடத்திலேயே முடிந்து நெசவைத் தொடர்வர். ஆதரவற்ற குழந்தைக்கோ நாம் இல்லம் கட்டி, உணவளித்து, கடமை முடிந்ததென நிறைவடைகிறோம். இது போதுமா?

இல்லங்களில் உழைக்கும் அருட்சகோதரிகளின் தியாகம் அளப்பரியது. ஆயினும் இல்லம் பராமரிப்பைத் தரலாம். 'நீ எங்கள் பிள்ளை' என்னும் உரிமையைத் தருவது குடும்பமே. புனித சூசையப்பர் இயேசுவுக்குக் கூரையை மட்டுமா தந்தார்? பெயரையும் தாவீதின் வழிமரபையும் தந்தாரன்றோ!

இல்லத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உண்டு, பிரித்தது வறுமையே. அவ்வீட்டைத் தாங்குவதே முதற்பணி. 2022-ஆம் ஆண்டின் மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் இத்தகைய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுத்துள்ளன. விண்ணப்பிக்க வழிகாட்ட நம் அன்பியங்களால் இயலும். எவருமற்ற பிள்ளைக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தத்துக்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கும் வழி திறந்துள்ளது. வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும் ஆணை குழந்தைகள் நலக் குழுவுடையது. பங்குத்தந்தை தாம் விரும்பியவரிடம் ஒப்படைத்தல் ஆகாது. தகுதியான குடும்பங்களை ஆயத்தப்படுத்துவதே பங்கின் பொறுப்பு.

திருவிழாவன்று இல்லத்துக்கு உணவு அனுப்பும் நாம், ஆண்டு முழுதும் ஒரு பிள்ளைக்கு நம் வீட்டுப் பந்தியில் இடமளிப்போமா? நம் அன்பு சோதிக்கப்படுவது அங்கேதான்.