காப்பவரும் மீட்பவரும்

2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு கழிந்து சில மாதங்களின் பின்னர், எங்களூர் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், அவங்கட இரட்சகர் அண்டைக்கு எங்க போனார்?"

கேலியாக அவர் கேட்கவில்லை. அந்த ஏப்ரல் 21ஆம் திகதி காலை, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் உட்படப் பலர் குண்டுக்குப் பலியானார்கள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். அந்த வெட்கமும் வேதனையும் இளைஞரின் கேள்விக்குள் இருந்தன. ஆயினும் கேள்வியில் ஒரு பிழை இருந்தது. கிறிஸ்தவர்கள் இரட்சகர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதை அறியாமலே நாம் அதைக் கேட்கிறோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. புரட்டஸ்தாந்தர் பெரும்பாலும் இரட்சகர் என்பார்கள். கத்தோலிக்கர் மீட்பர் என்பார்கள். இரட்சிப்பது என்றால் காப்பது. ஆபத்து வராமல் தடுப்பவரும் காப்பவர்தான். மீட்பது வேறு. கைவிட்டுப் போன ஒன்றை விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதே மீட்பு. மகளுக்கு வீடு கட்ட ஈடு வைத்த நகையை மீட்டெடுக்கப் பாடுபட்ட உம்மாமாருக்கு இந்தச் சொல்லின் பாரம் தெரியும். சுவிசேஷங்களில் இயேசுவின் உயிரைக் குறித்து வரும் கிரேக்கச் சொல்லும் அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலையையே குறிக்கிறது. மனிதன் பாவத்துக்கும் மரணத்துக்கும் ஈடாகிப் போனான். அவனை மீட்கக் கொடுத்த விலை இயேசுவின் உயிரே என்பது அவர்களது விசுவாசம்.

எனவே அவர்களது மீட்பர், சாவே வராமல் மறித்து நிற்பவர் அல்லர். தன்னைப் பிடிக்க வந்தவர்கள்மீது சீடர் ஒருவர் வாளை வீசியபோது அதை உறையில் போடச் சொன்னவர் அவர். மற்றவர்களைக் காப்பாற்றியவர் தன்னைக் காப்பாற்ற முடியாமல் தொங்குகிறாரே என்று சிலுவையடியில் நின்றவர்கள் ஏளனம் செய்ததையும் சுவிசேஷங்கள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. ஏளனம் செய்தவர்கள் அதை இயலாமை என்று கண்டார்கள். விசுவாசிகள் அதையே அன்பு என்று காண்கிறார்கள். நமது இளைஞர் கேட்டது அவர்களுக்குப் புதிய கேள்வியல்ல. அவர்களது வேதத்துக்குள்ளேயே இருக்கும் பழைய கேள்வி.

இந்த இடத்தில் நமக்கும் அவர்களுக்கும் உடன்பாடு இல்லை. ஈஸா நபி (அலை) அவர்களை மஸீஹ் என்றும் அல்லாஹ்வின் வார்த்தை என்றும் அல்குர்ஆன் சிறப்பிக்கிறது. ஆனால் அவர்கள் இறைத்தூதர். அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்று அன்னிஸா அத்தியாயம் (4:157) தெளிவாகச் சொல்கிறது. ஒருவரின் பாவச்சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பதும் (35:18) நமது ஈமானின் அடிப்படை. எல்லாம் ஒன்றுதான் என்று பூசி மெழுகுவது இரு சாராரையும் அவமதிப்பதாகும்.

ஆனால் ஏற்காமலிருப்பது வேறு, அறியாமலிருப்பது வேறு. மூன்று எப்படி ஒன்றாகும் என்று கணக்குக் கேட்கும் பயான்கள் நமக்குப் பழக்கமானவை. அந்த விசுவாசம் துக்கத்தில் ஒரு மனிதனுக்கு என்ன தருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. இத்தனைக்கும் மீட்பு நாம் அறியாத கருத்தல்ல. பித்யா என்ற சொல் நம்மிடம் உண்டு. இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் மகனுக்குப் பகரமாக மகத்தான பலியைக் கொடுத்து அல்லாஹ் மீட்டதைச் சொல்லும் வசனத்தில் (37:107) வருவதும் அந்த வேர்ச்சொல்தான். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளும் அதை நினைவூட்டுகிறது. குர்பானியின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, தக்வாவே அடைகிறது (22:37) என்பதையும் நாம் அறிவோம். ஆக, மீட்பு என்ற சொல்வரை நாமும் அவர்களும் சேர்ந்தே நடக்கலாம். பாவத்துக்கு இன்னோர் உயிர் விலையாக முடியுமா என்ற இடத்தில்தான் பிரிகிறோம். பிரியும் இடம் எதுவென்று சரியாகத் தெரிந்தால் பேச்சு நேர்மையாக இருக்கும்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். உங்கள் அல்லாஹ் அன்று எங்கே போனான் என்று வாவிக்கு அப்பால் இருந்து யாராவது கேட்டிருந்தால் நாம் எப்படித் துடித்திருப்போம்? மையித்துகளுக்கு நடுவில் நின்ற நமது மூத்தவர்கள், அவனிடமிருந்து வந்தோம், அவனிடமே மீள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். சீயோனில் பிள்ளையை இழந்த தாயும் தன் மீட்பரைத் தேட வேண்டிய இடம் எதுவென்று அறிந்திருப்பாள்: வேதனைக்கு வெளியே அல்ல, தான் நிற்கும் அதே வேதனைக்குள். ஆறுதல்கள் வேறு. ஆனால் இரண்டு வீட்டாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பது ஒரே அநீதிதான்.

இவற்றையெல்லாம் இளைஞரிடம் சொன்னேன். அன்று பையோடு வந்த அந்நியனைச் சந்தேகித்து, தேவாலயத்துக்குள் விடாமல் மறித்து, தன்னுயிரைக் கொடுத்த ஒருவரைப் பற்றியும் சொன்னேன். உள்ளே இருந்த பலர் அவரால் பிழைத்தார்கள். அவர் யாரைப் பின்பற்றி நடந்தவர் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நெடுநேரம் பேசாமல் இருந்தவர் கடைசியில் கேட்டார்: "அப்ப அவங்க இப்ப எங்களப் பத்தி என்ன நினைக்கிறாங்க சேர்?"

அதை நான் சொல்ல முடியாது. கல்லடிப் பாலத்தைக் கடந்து போய் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். போனால் முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்; நமது பதில் பிறகு.