பொறுமை யாருடைய பாடம்?

“பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த வேலை. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்.” எங்கள் பனமலையிலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை டீச்சர் ட்ரெய்னிங்கில் சேர்க்கும்போது சொல்லப்படும் காரணம் இது. இதில் குழந்தைகள் இல்லை, பாடம் இல்லை, அடுப்பு இருக்கிறது. உலை வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால்தான் அந்த வேலை அவளுக்கு அனுமதிக்கப்படுகிறது. தவறான காரணத்துக்காகத் திறந்த கதவு வழியே போகிறவள் விடுதலைக்குள் போகிறாளா, இன்னொரு சமையலறைக்குள் போகிறாளா? ஆசிரியைகளாகப்போகும் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

இது பழைய கேள்வியும்கூட. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கும் அவருடைய தோழரும் 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி 1716இல் வந்தது. அது பையன்களுக்கானது. வேதம் வாசிக்கத் தெரிந்த மனைவியும் தாயும் தேவைப்பட்டார்கள். வகுப்பின் முன் நிற்கும் பெண் இன்னும் தேவைப்படவில்லை.

பின்னர் அவள் தேவைப்பட்டதற்கும் காரணம் சமத்துவம் அல்ல. ஆண் வாத்தியார் முன் மகளை உட்காரவைக்க வீடுகள் தயங்கின. 1866இல் இந்தியா வந்த மேரி கார்ப்பென்டர், பெண்களுக்கெனத் தனி ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார். பெண்ணை மறைத்துவைத்த வழக்கமே பெண்ணுக்கு ஒரு சம்பளத்தை உண்டாக்கியது. 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி அவர்களை ஆசிரியைகளாக்க முனைந்தார். மறுமணம் மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சிய மரியாதையான வழி அது. அந்த விடுதியும் பிராமண விதவைகளுக்கானது.

கதவைத் திறந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு உள்ளே போனவளைக் கட்டுமா?

கட்டாது என்றே நினைக்கிறேன். எழுத்து, கொடுத்தவரின் நோக்கத்தோடு நின்றுவிடும் பொருள் அல்ல. வேதம் வாசிக்கக் கற்றவள் நிலப்பத்திரத்தையும் வாசிப்பாள், தன் சம்பளச் சீட்டையும் வாசிப்பாள். மாதச் சம்பளம் கைக்கு வந்த பெண், “எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்” என்று சொல்லும் குரலே வேறு. திறந்தவருக்கு நன்றி சொல்லலாம், கீழ்ப்படிய வேண்டியதில்லை. அந்தக் கடன் பின்னோக்கி அடைக்க வேண்டியது அல்ல. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அடைக்க வேண்டியது.

எந்தப் பிள்ளைக்கு என்பதில்தான் சிக்கல். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளும் சாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். அந்த மரபில் பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதி வழக்கங்களைச் சகித்துக்கொண்டதை எதிர்த்து வெளியேறியவர் கார்ல் ஓக்ஸ். 1860களில் எங்கள் பழைய தென்னார்க்காட்டில், பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணிதான் டேனிஷ் மிஷனாக வளர்ந்தது. ஒரே வேதத்தைப் படித்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்காரலாமா என்பதற்காகப் பிரிந்தார்கள். கல்வி கொடுப்பது அறம் என்று சொல்லிவிட்டால் போதாது, யார் பக்கத்தில் யாரை உட்காரவைத்துக் கொடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

இன்று பயிற்சி என்பது இரண்டாண்டுப் பட்டயம், பாடக்குறிப்பேடு, சார்ட், கற்பித்தல் பயிற்சி. அதற்குப் பிறகு 150 மதிப்பெண்ணுக்குத் தகுதித் தேர்வு. இவற்றோடு தாளில் இல்லாத ஒரு பாடமும் நடக்கிறது: “பெண்களுக்கு இயல்பிலேயே பொறுமை உண்டு, தாய்மை உண்டு.” பாராட்டுப்போல் ஒலிக்கும் இந்த வாக்கியத்தை நான் நம்புவதில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் அறையில் பொறுமை என்பது உழைத்துப் பெற்ற திறன். திறன் என்றால் அதற்குக் கூலி உண்டு, ஓய்வு உண்டு, கற்றுக்கொடுக்கும் கடமை ஆண்களிடத்திலும் உண்டு. இயல்பு என்று சொல்லிவிட்டால் எதுவுமே கொடுக்க வேண்டியதில்லை. இயல்புக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை. தனியார் நர்சரிப் பள்ளிகளில் சொற்பப் பணத்துக்கு நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு இது தெரியும்.

பயிற்சிக்குப் போகும் என் மாணவிகளிடம் பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்வதில்லை. பார்க்கப் பழகுங்கள் என்கிறேன். வகுப்பைப் பெருக்கச் சொல்லும்போது உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் யாருடையது? அது ஏன் எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் பெயர், அதிலும் ஒரு தெருவிலிருந்து வரும் பிள்ளையின் பெயர்? தண்ணீர் கொண்டுவரச் சொல்ல எந்தப் பிள்ளையைத் தவிர்க்கிறீர்கள்? கடைசி வரிசையில் இருப்பவள் பேசாமல் இருப்பதை அடக்கம் என்று குறித்துக்கொண்டீர்களா, பயம் என்றா?

சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதற்காக அனுப்பப்பட்டவள் இந்தக் கேள்விகளோடு வகுப்புக்குள் போனால், அனுப்பியவர்களின் காரணம் வாசலோடு நின்றுவிடும். உள்ளே நடப்பது அவளுடைய பொறுப்பு.