நீர்க்கடனும் ஆடுகளமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்ததும் முதலில் எதிர்ப்படும் தீவாகிய மண்டைதீவிலே, சர்வதேசத் துடுப்பாட்ட மைதானமொன்றுக்கு 2025 செப்டெம்பர் 1ஆந் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அதற்கு இரு நாள் முன்னர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினத்தில், வடக்கின் தாய்மார் வழமைபோலப் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியிலே நின்றனர். 1990 ஆகஸ்டில், முற்றுகைக்குள்ளாகியிருந்த யாழ்ப்பாணக் கோட்டையை மீட்கவென இராணுவம் தீவகத்தில் இறங்கிய வேளையில், மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அவர்களிற் சிலர் கொல்லப்பட்டு மண்டைதீவுக் கிணறுகளிலே புதைக்கப்பட்டனரென்று உறவினர் சொல்லி வருகின்றனர்; அக்கிணறுகளை அகழ்ந்து பார்க்கவேண்டுமென்ற கோரிக்கை, அடிக்கல் நாட்டப்பட்ட அதே ஆண்டிலே மீண்டும் எழுந்தது.

ஒரே சிறு தீவில் இரண்டு தோண்டுதல்கள் வேண்டப்படுகின்றன: ஒன்று மைதானத்தின் அத்திவாரத்துக்காக, மற்றையது மறைந்தோரின் எலும்புகளுக்காக. எதனை முதலிற் செய்தல் தர்மம் என்ற வினாவுக்கு விடை காண நெடிய விசாரணை வேண்டியதில்லை. இறந்தாரைத் தேடி, எண்ணி, பெயர் சொல்லி அவர்க்குரிய கடனைச் செலுத்துதலே முந்தியது. ஆட்டம் அதன் பின்னரே வரவேண்டும். மைதானம் பாவமன்று, முறை பிறழ்தலே பாவம்.

இம்முறை நம் முன்னோர் ஐயத்துக்கிடமின்றி வகுத்துவைத்த ஒன்று. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரைச் சொல்லப் புகுந்த வள்ளுவர், தெய்வத்துக்கும் முன்னே தென்புலத்தாரை வைத்தார். வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, சிறப்புச் செய்து வாழ்த்தும் நெறியினைத் தொல்காப்பியர் துறை துறையாக விதந்தோதினார். குருக்ஷேத்திர யுத்தம் முடிந்தபின் தருமபுத்திரன் நேரே சிம்மாசனம் ஏறவில்லை. கங்கைக்கரையிலே தர்ப்பணம் நிகழ்ந்தது. அத்தர்ப்பணத்தின்போதுதான், பகைவனென்று எண்ணித் தன் தம்பி கொன்ற கர்ணன் தன் தமையனென்பதைக் குந்தியின் வாயால் அவன் அறிந்தான். நீர் வார்க்கப் பெயர் கேட்ட வேளையிலேதான் உண்மை வெளிப்பட்டது. பட்டாபிஷேகத்தை முதலில் நடத்தியிருந்தால் அவ்வுண்மை எந்நாளும் வெளிவந்திராமற் போயிருக்கலாம். கடல் கடந்த கிரேக்க மகாகவி ஹோமரும் இதனையே காட்டுகிறார். தோழன் பத்ரோக்லசின் நினைவாக அக்கிலீஸ் தேரோட்டமும் மற்போரும் ஓட்டப் பந்தயமும் நடத்தினான். ஆயின் சிதை எரிந்து, எலும்புகள் பொறுக்கப்பட்டு, மண்மேடு எழுந்த பின்னரே முதற் பந்தயம் தொடங்கிற்று. விளையாட்டும் துக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியம் வேண்டுமோ? அவை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை.

ஆனால் இந்நாளில் வேறொரு போதனை பெரிதாகக் கேட்கிறது. விளையாட்டு வீரன் தோல்வியைப் புன்னகையோடு ஏற்று அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறான். அவ்வண்ணமே இழந்தவர்களும் பழையதை மறந்து முன்செல்லவேண்டும் என்கின்றனர் சிலர். வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொள்ளச் சொன்ன கீதையையும் துணைக்கு அழைக்கின்றனர். அக்கீதையைத் தன்னகத்தே கொண்ட இதிகாசமே நீர்க்கடனையும் விதித்ததென்பதை அவர் மறந்தனர் போலும். துடுப்பாட்டக்காரன் ஆட்டமிழப்பை ஏற்கிறான் என்றால், நடுவர் விரலுயர்த்தி முடிவைச் சொல்லிவிட்டார் என்பதனாலேயே ஏற்கிறான். பந்து மட்டையின் விளிம்பிலே பட்டதோ இல்லையோ என்ற ஒரு சிறு சந்தேகத்துக்காக இன்றைய ஆட்டம் முழுவதும் நிறுத்தப்படுகிறது. மூன்றாம் நடுவர் ஒளிப்பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பல்லாயிரவர் பொறுமையோடு காத்திருக்கின்றனர். அத்தகைய ஆட்டத்துக்கு மாளிகை எழுப்ப முற்பட்டவர்கள், தன் மகன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று 35 ஆண்டுகளாகக் கேட்கும் தாயை நோக்கி, ‘தீர்ப்பை ஏற்றுக்கொள்’ என்பது எவ்வாறு நியாயமாகும்? அவளுக்கு எவர் தீர்ப்புச் சொன்னார்? திவசம் எந்தத் திதியிற் செய்வதென்பதுகூட அறியாதவளிடம் எதனை ஏற்கச் சொல்கிறோம்?

தீவக மக்கள் துக்கத்திலே தேங்கிக் கிடப்பவரல்லர். 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே குழந்தைகளும் பெண்களும் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அவ்வூரார் தம் இறந்தோரைக் கண்டனர்; புலம்பினர்; அடக்கம் செய்தனர்; ஆண்டுதோறும் அந்நாளில் நினைவுகூர்கின்றனர். பின்னர் அதே குமுதினி திருத்தப்பெற்று மீண்டும் கடலில் இறங்கிற்று. அதிலேயே ஏறி அவர்கள் பல்லாண்டு பயணஞ் செய்தனர். இவ்வளவு மனத்திண்மை உடையோருக்கு ‘முன்செல்’ என்று உபதேசிக்க எவருக்குத் தகுதியுண்டு? உடலைக் கண்டவர்கள் முன்சென்றுவிட்டார்கள். காணாதவர்களே கிணற்றடியில் நிற்கிறார்கள்.

தீவகத்துச் சிறுவர்க்கும் நல்ல மைதானம் வேண்டும் என்பதும், 1904 முதல் ‘வடக்கின் பெரும்போர்’ எனும் பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டியைக் கண்டுவரும் மண்ணிலிருந்து துடுப்பாட்ட வீரர் வியாஸ்காந்த் போன்றோர் தேசிய அணிவரை சென்றிருக்க, வீட்டருகே சர்வதேச ஆடுகளம் அமைவது பெருமை என்பதும் மறுக்கத்தக்கனவல்ல. 

ஆயினும் முறையைத் தலைகீழாக்கினால் விளைவதென்ன என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எத்தனை ஆண்டுகள் அவற்றின்மேல் சிறுவர் ஓடி விளையாடினரோ! 2025 பெப்ரவரியிலே செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலும் இதுவே நிகழ்ந்தது. தகனமேடைக்கு வெட்டிய குழியில் எலும்புகள் தோன்ற, நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. அவற்றிடையே பாடசாலைப் பை ஒன்றும் பொம்மை ஒன்றும் கிடைத்தன. உண்மையை நாம் தேடிச் செல்லாவிடின், அது மண்வெட்டியின் நுனியில் தானாக வந்து அகப்படும். உண்மையை மறைக்காத அரங்கும் உண்டு: சிலி நாட்டின் சந்தியாகோ தேசிய விளையாட்டரங்கு 1973இல் இராணுவ ஆட்சியின் சித்திரவதைக் கூடமாயிருந்தது. இன்று அங்கே உதைபந்தாட்டம் நடக்கிறது. ஆயினும் ஒரு வாயிலருகேயுள்ள பழைய மர ஆசனங்களில் எவரும் அமர்வதில்லை. நிரம்பிய அரங்கிலும் அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. தாம் அமரும் இடத்தில் முன்னர் என்ன நடந்ததென்பதை அந்நாட்டு இரசிகர் அறிந்தே அமர்கின்றனர்.

ஆதலின், 40,000 பேர் அமரத்தக்கதென்று சொல்லப்படும் இம்மைதானத்தின் வேலைகள் முன்செல்லுமுன், மண்டைதீவுக் கிணறுகள் நீதிமன்றக் கட்டளையின் கீழ், சட்ட மருத்துவரும் தொல்லியலாளரும் முன்னிற்க, உறவினர் கண்ணெதிரே அகழப்படல் வேண்டும். எலும்புகள் கிடைப்பின் மரபணுச் சோதனையால் பெயர் கண்டறிந்து உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும்; கிடையாவிடின் அதனையும் எழுத்திலே கொடுக்கவேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இதற்கென்றே இருக்கிறது. 1990இல் மகனைப் பறிகொடுத்த தாய்மாரிற் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். மைதானம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம், அவர்களால் இயலாது.