கண்டதையெல்லாம் சொல்லலாமா?



வேலை செய்கிற இடத்தில் நம் கண்ணில் படுகிற பிறருடைய இரகசியம் யாருக்குச் சொந்தம்? பார்த்துவிட்ட நமக்கா, அதற்குரியவருக்கா? இதை யோசிக்க வீடியோ கேசட் வாடகைக் கடையை எடுத்துக்கொள்வோம்.

1980, 90-களில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இந்தக் கடைகள் இருந்தன. படிக்கிற பிள்ளைகள் சாயங்காலத்திலும் சனி ஞாயிறிலும் பகுதி நேர வேலைக்கு வருவார்கள். "நாளெல்லாம் படம் பார்க்கலாம், என்ன சுகமான வேலை!" என்று மற்றவர்கள் நினைப்பார்கள். ஆனால் திரும்பி வந்த கேசட்டுகளை வரவு வைக்கணும். ரீவைண்ட் பண்ணாமல் வந்ததைச் சுற்றி வைக்கணும். அலமாரியில் அடுக்கணும். தவணை தாண்டினவங்களுக்குப் போன் போட்டு, அபராதமும் கேட்டு, அவங்க கோபத்தையும் வாங்கிக்கட்டிக்கணும்.

இதற்குள்ளே பெரிய பொறுப்பு ஒன்று ஒளிந்திருந்தது. டாக்டரோ, வாத்தியாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ என்னென்ன படம் எடுத்தார் என்பது கவுண்டரில் நிற்கிற வாலிபனுக்குத் தெரியும். சம்பளமோ சொற்பம். கையில் இருப்பதோ ஓர் ஊரின் அந்தரங்கம்!

1987-ல் நடந்த சம்பவத்தைப் பாருங்க. நீதிபதி ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ரீகன் முன்மொழிந்தார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த நேரத்தில் வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர், போர்க் வாடிக்கையாகப் படம் எடுக்கும் கடைக்குப் போய்க் கேட்டார். கடை ஊழியர் பட்டியலைக் கொடுத்தேவிட்டார். 146 படங்கள்! பத்திரிகையிலும் அச்சாகிவிட்டது. அதில் அசிங்கமாய் ஒன்றுமில்லை. ஆனாலும் இரு கட்சியாரும் அதிர்ந்துபோனார்கள். 1988-ல் சட்டமே வந்தது. வாடிக்கையாளர் எடுத்த படங்களின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிட்டால், குறைந்தது 2,500 டாலர் நஷ்டஈடு கேட்டு அவர் வழக்குப் போடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தில் அந்தரங்கத்துக்கென்று பொதுவான உரிமை எதுவும் இல்லை என்று வாதிட்டவர் இதே போர்க்! "அப்படியானால் அவருக்கு இது வேணும்" என்று நமக்கும் தோன்றலாம். ஆனால் அவருடைய கருத்து சரியோ தப்போ, கடை ஊழியர்மேல் இருந்த நம்பிக்கை அதனால் ரத்தாகிவிடுமா? எதிரியின் இரகசியத்தையும் காப்பவன்தான் உண்மையுள்ளவன்.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். நமக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவர் கெட்ட படம் எடுத்துப் போகிறார். அப்போதும் கவுண்டரில் நிற்கிறவன் வாய்மூடி இருக்கணுமா? பேசியே ஆகணும் என்று பாரமிருந்தால் அவரிடமே, தனியே, முகத்துக்கு நேரே பேசட்டும். ஊரெல்லாம் சொல்வதற்கு அது அனுமதிச்சீட்டு அல்ல. ஒரு பிள்ளைக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் அது வேறு. அப்போது சொல்லவேண்டியவர்களிடம் சொல்லித்தான் ஆகணும். பாக்கி கேசட்டுக்காகப் போன் பண்ணும்போது மனைவி எடுத்தால், "ஒரு கேசட் திரும்பி வரணும்" என்றால் போதும். படத்தின் பெயர் எதற்கு? அப்படிப்பட்ட படங்களைக் கையால் எடுத்துக் கொடுக்கவே மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாம், நல்லது. ஆனால் விட்டுப் போகிறவன் பட்டியலையும் சுமந்துபோய்ப் பத்து வீட்டில் இறக்கிவைக்கக் கூடாது.

அந்தக் கேசட் கடைகள் இன்றைக்கு ஏறக்குறைய மறைந்துபோய்விட்டன. கேள்வி மறையவில்லை. நம்மில் எத்தனை பேர் மருந்துக்கடையிலும், லேபிலும், ஜெராக்ஸ் கடையிலும், நகைக்கடன் கவுண்டரிலும் நிற்கிறோம்! யார் என்ன மாத்திரை வாங்கினார், யார் தாலிச்சங்கிலியை அடகு வைத்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த விவரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். நாம் அதற்கு உக்கிராணக்காரர், சொந்தக்காரர் அல்ல.

நமக்குள்ளே இன்னொரு தந்திரமும் உண்டு. "பிரதர், ஜெபக்குறிப்பாத்தான் சொல்றேன், நீங்க யார்கிட்டேயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பிப்போம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுச் சபைக்கும் தெரிந்துவிடும். அந்தக் குடும்பம் தலைகுனிந்து, கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். பிறகு வராமலே நின்றுவிடும். ஜெபிக்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பெயரை ஆண்டவரிடம் சொன்னால் போதாதா? சிந்தித்துப் பாருங்கள்.