இரண்டாவது அடி

வரப்புத் தகராறில் அண்டை வயற்காரர் மண்வெட்டியை ஓங்கி வருகிறார். நம் இல்லறத்தார் ஒருவர் அவர் கையைப் பிடித்து முறுக்க, மண்வெட்டி கீழே விழுகிறது. ஆபத்து நீங்கிற்று. ஆயினும் ஆத்திரம் தீராமல் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிடுகிறார். வழக்குப் பதிவாகிறது. அணுவிரதம் ஏற்ற இவர் நீதிமன்றத்தில் என்ன சொல்வது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன்படி, அடிக்கப் போகிறான் என்று அஞ்சச் செய்யும் சைகையே தாக்க முனைந்த குற்றமாகும், வெறுஞ்சொல் ஆகாது. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் 115-ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ, ரூ.10,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை வழங்குகின்றன. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவை இடந்தரா. கையை முறுக்கியது தற்காப்பு, அறைந்தது அன்று.

நம் ஆன்றோரும் இக்கோட்டை அறிந்தவர்களே. இல்லறத்தானுக்குச் சங்கல்ப ஹிம்சையை விலக்கிய அவர்கள், எதிர்த்துக் காக்கையில் நேரும் விரோதி ஹிம்சையை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. மண்வெட்டி விழுந்த கணத்தில் இரண்டாவது முதலாவதாக மாறிவிடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் வழிகள் பிரிகின்றன. கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் அடித்தேன் என மெய்ப்பித்தால், 122-ஆம் பிரிவின்படி சிறை ஒரு மாதத்திற்கு மேற்படாது. சினம் அங்கே தண்டனையைக் குறைக்கிறது. நமக்கோ சினம் நான்கு கஷாயங்களுள் ஒன்று. வினைக்கட்டின் வேரே அதுதான். வழக்கறிஞர் எவ்வளவு வல்லவராயினும் அதற்கு மனுப்போட முடியாது!

இனி, வாய்மை விரதத்தின் நிலை யாது? குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). ஆகவே மௌனம் உரிமை; அதனால் விரதம் கெடுவதாக நான் கருதவில்லை. மௌனமும் மறைப்பே என்று வாதிடும் பெரியோர் உண்டு. ஆனால் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையதன்றோ? மாறாக, "அறைந்ததும் தற்காப்பே" என்று வாதிடச் செய்தால் அது பொய். ஹிம்சைக்குமேல் அசத்தியமும் சேர்ந்துவிடும்.

மூன்றாவது வழியொன்று உண்டு. அதை ஏனோ நம்மவர் கடைசியில்தான் நினைக்கின்றனர். 115-ஆம் பிரிவுக் குற்றம் இணக்கமாகத் தீர்த்துக்கொள்ளத்தக்கது. அதற்கு நீதிமன்ற அனுமதிகூட வேண்டியதில்லை. அறைபட்டவர் இசைந்தால் போதும். ஆனால் அவர் வீட்டு வாசலுக்குச் சென்று கேட்கவேண்டும்.